பழைய சங்கமும் புதிய விண்ணப்பமும்

மனிதன் பிறரைப் பற்றிச் சாட்சி கூறும் இடங்கள் பல. தன்னைப் பற்றித் தானே சாட்சி கூறவேண்டிய இடங்கள் சிலவே. அச்சிலவற்றுள் விண்ணப்பத்தாள் ஒன்று. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவனை மடக்கிக் கேட்க வழக்கறிஞர் நிற்கிறார். விண்ணப்பத்தை நிரப்புபவன் எதிரே எவரும் இல்லை. அவனும் அவன் உள்ளமுமே உள்ளனர். எதை எழுதுவது, எதை விடுவது என்று அவ்வேளையில் அவன் செய்யும் முடிவு, அதுவரை அவன் கற்ற கல்விக்கே ஒரு பரீட்சையாகிவிடுகிறது.

இளங்கலை முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்றுண்டு. “கல்லூரி நாட்களில் நான் ஒரு மாணவர் அணியில் இருந்தேன், பின்னர் விலகிவிட்டேன். அவ்வணிக்கு இன்று நற்பெயர் இல்லை. விண்ணப்பத்தில் அதை எழுதத்தான் வேண்டுமா? எழுதாமல் விட்டால் நான் பொய்யனாவேனா?” மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறு கேள்வி. ஆழ்ந்து நோக்கின், வாய்மை, மறைத்தல், பாவமீட்சி, பிறர் உரிமை என்னும் நான்கு பெரும் பொருள்கள் இதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இக்கேள்வி பழையது. அங்கே ‘ஃபிரட்டர்னிட்டி’ எனப்படும் மாணவர் சகோதரச் சங்கங்கள் உள்ளன. 1776ஆம் ஆண்டு வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா என்பதே கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய முதற் சங்கம். அது இன்று கல்விச் சிறப்பைப் பாராட்டும் கௌரவச் சங்கமாகிவிட்டது. அதன் வழியில் பின்னர் எழுந்த பல சங்கங்களோ ஒரே இல்லத்தில் கூடி வாழ்தல், இரகசியச் சடங்குடன் உறுப்பினரைச் சேர்த்தல் என வேறு வழியில் சென்றன. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சங்கத்தில் சேர வந்த மாணவர் ஒருவர் அளவு மீறி மது புகட்டப்பட்டு, விழுந்து அடிபட்டு உயிரிழந்தார். பல்கலைக்கழகம் அச்சங்கத்தின் கிளையைத் தன் வளாகத்திலிருந்து நிரந்தரமாக நீக்கியது. இத்தகைய சங்கத்தில் ஒருகால் இருந்தவன், மேற்படிப்பு விண்ணப்பத்தில் அதைப் பெருமையாக எழுதுவதா, பேசாமல் விட்டுவிடுவதா என்று தயங்குவது இயல்பே.

நம் நாட்டில் கிரேக்க எழுத்துப் பெயர்கள் இல்லை, பொருள் உண்டு. சென்னைக் கல்லூரி மாணவரிடையே ‘ரூட்’ என வழங்கும் அணிகள் அத்தகையவை. ஒரே பேருந்துத் தடத்திலோ ஒரே ரயில் வழியிலோ நாள்தோறும் வந்து போகும் மாணவர்கள் ஓர் அணியாகின்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்குபவன் ‘ரூட் தல’. இதற்குப் பதிவேடு இல்லை, சந்தா இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. ஆயினும் யார் எந்த ரூட் என்பது எல்லார்க்கும் தெரியும். முதலாண்டு மாணவன் மனுப் போட்டு இதில் சேர்வதில்லை. அவன் ஏறும் வண்டியே அவனைச் சேர்த்துவிடுகிறது.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு இது ஏட்டில் படிக்கும் செய்தியன்று. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வூர்களிலிருந்து சென்னைக் கல்லூரிக்குச் செல்பவன், திருத்தணியில் மின்சார ரயிலேறி, அரக்கோணம், திருவள்ளூர் வழியாக 80 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். மாலையில் அவ்வளவு தூரமும் திரும்பவேண்டும். திருத்தணியிலேயே அரசு கலைக்கல்லூரி இருக்கிறது. எனினும் 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரி, 1842இல் தோன்றிய பச்சையப்பன் கல்லூரி ஆகியவற்றின் பழம்பெருமை பல பிள்ளைகளை ஈர்க்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு, நெரிசல் மிகுந்த பெட்டியில் உட்கார இடமும், அறியாத நகரத்தில் தெரிந்த முகமும் தருவது அந்த ரூட்டே. ஆகவே அதன் தொடக்கத்தில் தீமை மட்டுமே இருந்தது என்று கூறுவது நியாயமாகாது.

ஆனால் முடிவு வேறாயிற்று. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், மாணவர்களே பட்டாக்கத்தியுடன் சக மாணவர்களைத் துரத்தி வெட்டிய காட்சியைத் தமிழகம் கண்டது. அதன்பின் ரூட் தலைகள் எனக் கண்டறியப்பட்ட மாணவர்களை அழைத்துக் காவல்துறை நன்னடத்தை உறுதிப் பத்திரம் எழுதி வாங்கியது. 2024 அக்டோபரில், மாநிலக் கல்லூரியில் பயின்ற திருத்தணிப் பகுதி மாணவர் ஒருவர் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் தாக்கப்பட்டுச் சில நாட்களில் மருத்துவமனையில் உயிர்நீத்தார். தாக்கியதாகக் கைதானவர்களும் கல்லூரி மாணவர்களே. மகனை ரயிலேற்றி அனுப்பிய ஒரு வீட்டுக்கு அவன் உயிரோடு திரும்பவில்லை. இப்பொருளைப் பேசுகையில் அந்த வீட்டை நாம் மறந்துவிடலாகாது.

இப்போது ஒரு மாணவனை எண்ணிக்கொள்வோம். மூன்றாண்டுகள் அவ்வழியே ரயிலில் சென்றான். ரூட்டில் இருந்தான், பாட்டில் கலந்தான், கூச்சலில் கலந்தான். எவரையும் அடிக்கவில்லை. கத்தியைக் கண்ட அன்று விலகிவிட்டான். இன்று முதுகலைக்கு விண்ணப்பிக்கிறான். அவன் என்ன எழுதவேண்டும்?

கேட்டால் மெய் கூறுக

முதலில் தெளிவானதைத் தெளிவாகக் கூறிவிடுவோம். கேள்வி கேட்கப்பட்டு, அக்கேள்வி கேட்கத் தக்கதாகவும் இருப்பின், விடை மெய்யாகத்தான் இருக்கவேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த ராகிங் தடுப்பு விதிகளின்படி, சேரும் மாணவனும் அவன் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். ராகிங் குற்றத்திற்காக எந்த நிறுவனத்திலிருந்தும் தான் நீக்கப்படவோ தடுக்கப்படவோ இல்லை என்று மாணவன் அதில் கையொப்பமிடுகிறான். அது பொய்யெனத் தெரியவந்தால் சேர்க்கை ரத்தாகும் என்பதையும் அவனே எழுதித் தருகிறான். மத்திய அரசுப் பணிக்குரிய சான்றுறுதிப் படிவம் இன்னும் விரிவாகக் கேட்கிறது: கைதானதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதுண்டா, பல்கலைக்கழகத்தால் விலக்கப்பட்டதுண்டா என்றெல்லாம். 2019இல் உறுதிப் பத்திரம் எழுதித் தந்த மாணவன் இக்கட்டத்துக்கு வரும்போது, “அது சிறுபிள்ளைத்தனம்தானே” என்று எண்ணி ‘இல்லை’ என எழுதிவிடலாகாது. சிறிதா பெரிதா என்பதை எடைபோடுவது படிப்பவரின் வேலை. உள்ளதா இல்லையா என்பதைக் கூறுவதே எழுதுபவனின் வேலை.

2003இல் உச்சநீதிமன்றம் தீர்த்த கேந்திரிய வித்யாலயா வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. உடற்கல்வி ஆசிரியராகத் தேர்வான ஒருவர், தம்மீது குற்றவழக்கு நிலுவையில் இருந்தும் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். அவ்வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. தாம் இந்தி வழியில் பயின்றவர் என்றும், ஆங்கிலப் படிவம் விளங்கவில்லை என்றும் அவர் கூறிப் பார்த்தார். பட்டங்கள் பெற்ற ஒருவர் இவ்வாறு கூறுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்குப் போனது, பொய் நின்றது. வேலையை இழக்கச் செய்தது அந்தப் பொய்யே.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்நுட்பத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். அறிவிப்பாளர்களின் தரத்தை ஆராயும் ஜர்ஹு, தஅதீல் துறையில் ஒரு விதி பேசப்படுகிறது. மற்றப் பாவங்களிலிருந்து மீண்டவரின் அறிவிப்பு ஏற்கப்படும். ஆனால் ஹதீஸில் ஒருமுறை அறிந்தே பொய் சொன்னவர் மனம் திருந்தினாலும் அவருடைய அறிவிப்பு ஏற்கப்படாது என்று இமாம் அஹ்மத் (ரஹ்), அல்ஹுமைதீ (ரஹ்) முதலியோர் கருதினர். இமாம் நவவீ (ரஹ்) இதற்கு மாறுபட்டு, உண்மையான மீட்சிக்குப் பின் ஏற்கலாம் என்றார்கள். கருத்து வேறுபாடு எதுவாயினும் அடிப்படை ஒன்றே: அறிவிப்பாளன் முதலில் காக்கவேண்டியது தன் சொல்லின் நம்பகத்தை. மேற்படிப்பு என்பதும் அறிவித்தல்தானே! ஆய்வேட்டில் கண்டதைக் கண்டவாறு எழுதவேண்டியவன், அதன் வாயிற்படியிலேயே காணாததை எழுதினால் என்னாவது?

கேளாதபோது என் செய்வது?

கேட்கப்படாத இடந்தான் கடினமானது. விண்ணப்பத்தில் அத்தகைய கேள்வியே இல்லை. ‘பிற ஈடுபாடுகள்’ என்று மட்டும் ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே பழைய ரூட்டை எழுதாது விடுவது மறைத்தலா?

மார்க்கம் தன் குற்றத்தைத் தானே பறைசாற்றுவதை விரும்பவில்லை. இறைவன் மறைத்த குறையை மனிதன் தானே வெளிப்படுத்தித் திரிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கின்றார்கள். மாஇஸ் (ரலி) அவர்கள் தம் குற்றத்தைத் தாமே வந்து கூறியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரைத் தூண்டி அனுப்பிய ஹஸ்ஸால் என்பவரிடம், உமது ஆடையால் அவரை மூடியிருந்தால் அது உமக்கு நலமாயிருந்திருக்கும் என்ற கருத்துப்படக் கூறினார்கள். எனவே, கேளாத இடத்தில் பேசாதிருத்தல் தன்னளவில் குற்றமன்று. விண்ணப்பத்தாள் பாவமன்னிப்புக் கோரும் இடமுமன்று.

எனினும் இதோடு நின்றுவிட்டால் அது பாதி உண்மையே. பேசாதிருத்தலிலும் இருவகை உண்டு. ஒன்று, சொல்லத் தேவையில்லாததைச் சொல்லாதிருத்தல். மற்றொன்று, சொல்லாமலேயே பொய்யை நம்பவைத்தல். ஹதீஸ் கலையில் இரண்டாவதற்குத் ‘தத்லீஸ்’ என்று பெயர். ஓர் அறிவிப்பாளர் ஒரு செய்தியைத் தரம் குறைந்த ஒருவர் வாயிலாகக் கேட்கிறார். அந்த இடைமனிதரை நீக்கிவிட்டு, அவருக்கு மேலுள்ள பெரியாரைக் குறித்து “இன்னார் வழியாக” என்று மட்டும் கூறுகிறார். “நான் கேட்டேன்” என்று கூறவில்லை. ஆகவே சொல்லளவில் பொய் இல்லை. ஆயினும் கேட்பவர், அவர் நேரில் கேட்டார் என்றே எண்ணிக்கொள்வார். இமாம் ஷுஅபா (ரஹ்) அவர்கள் இதை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் இவ்வாறு செய்தவர்களை ஐந்து படிகளாகப் பிரித்துத் தனி நூலே எழுதினார்கள். விடுபட்ட ஒரு பெயருக்காக ஒரு நூல்! மறைத்தலின் அளவு அறிந்து தீர்ப்புக் கூறவேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை அத்தகையது.

தத்லீஸில் மற்றொரு வகையும் உண்டு. ஆசிரியரின் பெயரை விடாமல், எவரும் அறியாத வேறொரு பெயரால் அவரைக் குறிப்பிடுவது. இன்றைய விண்ணப்பங்களில் இதனைக் காணலாம். “மாணவர் பயண ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர், மூன்றாண்டுகள்” என்று ஒருவன் எழுதுகிறான். தலைமைப் பண்புக்குச் சான்று என்கிறான். அந்தக் குழு எது? ரூட்! அந்தத் தலைவர் யார்? ரூட் தல! அவன் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒருவகையில் மெய், மொத்தமும் பொய். இப்படி எழுதுவதைவிட எழுதாமலே விடுவது ஆயிரம் மடங்கு நேர்மை. ஒன்றை எழுதினால் அதன் உண்மைப் பெயரால் எழுதவேண்டும். அப்பெயரால் எழுத நா கூசுமாயின் அதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்கலாகாது.

ஆகவே கேளாத இடத்துக்கு அளவுகோல் இது: நான் இதை விடுவதால், படிப்பவர் தாம் அறிய உரிமையுள்ள ஒன்றில் பொய்யை நம்பிவிடுவாரா? நம்பமாட்டார் எனில் விடுதல் அடக்கம். நம்புவார் எனில் விடுதல் வஞ்சனை. வெறுமனே ரயில் நண்பர்களோடு கூடியிருந்ததை முதுகலைத் தமிழ்த் துறைக்கு எழுதாது விட்டவன் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் மாணவர் விடுதியில் இளைய மாணவர்களுக்குப் பொறுப்பாளனாகும் பணியைக் கேட்பவன், தான் இளையவர்களை அச்சுறுத்திய அணியின் தலைவனாக இருந்ததை விடுவானாகில், அவன் நிலை வேறு. அங்கே கேள்வி அச்சிடப்படாவிட்டாலும், அந்தப் பணியே கேள்வியாக நிற்கிறது.

“உண்மையைச் சொன்னால் எனக்குத் தீங்கு வருமே, தீமையில்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவரும் வகுத்திருக்கிறாரே” எனச் சிலர் வாதிடக்கூடும். வள்ளுவர் விலக்கியது பிறர்க்கு வரும் தீமையை. தனக்கு வரும் நட்டத்தைத் தவிர்க்கும் சூழ்ச்சிக்கு அவர் குறள் இடந்தரவில்லை.

சார்பு வேறு, செயல் வேறு

இனி, விண்ணப்பத்தைப் படிப்பவர் பக்கம் வருவோம். பழைய அணியில் இருந்தான் என்று தெரிந்தவுடனே ஒருவனைத் தள்ளிவிடலாமா?

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இம்ரான் இப்னு ஹித்தான் என்பவர் வழிவந்த அறிவிப்பு உண்டு. இவர் காரிஜிய்யாக் கூட்டத்தைச் சார்ந்தவர். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து கவி பாடியவர் என்று வரலாறு கூறுகிறது. இத்தகையவரின் அறிவிப்பை, அவ்வளவு கடுமையான நிபந்தனைகள் வைத்த இமாமவர்கள் எப்படி ஏற்றார்கள்? அறிஞர்கள் பல காரணங்கள் கூறியுள்ளனர். அவர் சொல்லில் உண்மையாளர் என்பது ஒன்று. பிற்காலத்தில் திருந்தினார் என்பது ஒன்று. வேறு ஆதாரங்கள் துணை நின்றன என்பது ஒன்று. எதுவாயினும், கூட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து இமாமவர்கள் கதவடைக்கவில்லை. மனிதனை ஆராய்ந்தார்கள். தன் தவறான கொள்கைக்கு ஆள் சேர்க்கும் பிரசாரகனா, பொய் கூறுவோனா என்பவையே ஹதீஸ் வல்லார் பலரின் கேள்விகளாக இருந்தன.

வியப்பென்னவெனில், நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 1983இல் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர் பணிபுரிந்த நகராட்சிப் பள்ளியை 1971இல் அரசு ஏற்றது. அவர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர் என்று காவல்துறை அறிக்கை தந்ததன் பேரில், 1974இல் அவர் நீக்கப்பட்டார். நீதியரசர் ஓ. சின்னப்ப ரெட்டி அவர்கள் அந்நீக்கத்தை ஏற்கவில்லை. பழைய அரசியல் சார்பைக் காட்டி ஒருவருக்குப் பணி மறுப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றும், அமெரிக்காவில் மெக்கார்த்தி காலத்தில் நடந்த வேட்டை இங்கே வரலாகாது என்றும் அவர் விளக்கினார். அந்த ஆசிரியரின் கொள்கை நமக்கு உவப்பானதா என்பது இங்கே கேள்வியன்று. நமக்கு உவப்பில்லாதவருக்கும் உரியதாயிருந்தால்தான் அது நீதி. நம்மவருக்கு மட்டும் உரியதாயின் அது சலுகை.

தடை செய்யப்பட்ட அமைப்புகளைப் பொறுத்தவரை சட்டம் வேறு. வெறும் உறுப்பினராயிருத்தல் மட்டும் குற்றமாகாது என்று 2011இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023 மார்ச்சில் அக்கருத்தை மாற்றியது. அங்கும் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். தடைக்குப் பின்னும் உறுப்பினராக இருந்து, தொடர்ந்து இருப்பவனையே அச்சட்டப் பிரிவு பிடிக்கிறது. ‘இருந்தான்’ என்பதற்கும் ‘இருக்கிறான்’ என்பதற்கும் இடையே சட்டமே கோடு கிழிக்கிறது.

திருத்தணி மக்களுக்கு இந்தக் கோடு புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 வரை இவ்வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் பிறந்தவர் தம் பிறப்பிடத்தைக் குறிக்கையில் அன்றைய மாவட்டத்தைச் சொன்னால் அது பொய்யன்று. இன்றைய மாவட்டத்தைச் சொல்லுமிடத்தில் சித்தூர் என்றால்தான் பொய். இருந்தது இருந்ததாகவும், இருப்பது இருப்பதாகவும் சொல்லப்படவேண்டும். மனிதனுக்கும் அதுவே. உஹதுக் களத்தில் எதிரணியில் நின்ற காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், இஸ்லாத்தைத் தழுவியபின் முஸ்லிம்களின் படைத்தலைவரானார்கள். உஹதை எவரும் மறக்கவில்லை, மறைக்கவுமில்லை. ஆனால் அதுவே அவர்களின் பெயராக நின்றுவிடவில்லை.

ஆகவே, விண்ணப்பிப்பவனிடம் “எந்த அணியில் இருந்தாய்?” என்று கேட்பதைவிட “என்ன செய்தாய்?” என்று கேட்பதே நேர்மையான கேள்வி. அணியைக் கேட்டால் கத்தியெடுத்தவனும் கண்டு ஓடியவனும் ஒரே கட்டத்தில் விழுவர். செயலைக் கேட்டால் இருவரும் பிரிந்து நிற்பர்.

கேட்பவர்க்கும் கடமை உண்டு

வாய்மையை விண்ணப்பிப்பவனிடம் மட்டும் எதிர்பார்ப்பது ஒருதலைப்பட்சம். கேட்பவர் அளவறிந்து கேட்கவேண்டும்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை மணக்க இருவர் முன்வந்தபோது, அந்த அம்மையார் பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் கடுமையானவர், மற்றவரான முஆவியா (ரலி) பொருளற்றவர் என்று பெருமானார் கூறினார்கள். இது புறமாகாது; மண வாழ்வுக்கு வேண்டிய செய்தி. ஆனால் முஆவியா (ரலி) அவர்களின் குடும்பம் மக்கா வெற்றி வரை எதிரணியில் நின்றதைப் பெருமானார் அங்கே குறிப்பிடவில்லை. கேட்ட காரியத்துக்கு வேண்டியது எதுவோ அதுவே சொல்லப்பட்டது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிறர் குறையைக் கூற அனுமதியுள்ள இடங்களை எண்ணி வரையறுத்ததும் இந்த அடிப்படையிலேயே. தேவை எந்த அளவோ அந்த அளவே அனுமதி.

2016இல் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, அவதார் சிங் வழக்கில் இவ்விரு கடமைகளையும் ஒருங்கே வைத்தது. விண்ணப்பிப்பவர் தரும் செய்தி மெய்யாக இருக்கவேண்டும், மறைக்கலாகாது என்றது. அத்தோடு, படிவத்தின் கேள்வி தெளிவாகவும் குறிப்பாகவும் இருக்கவேண்டும், கேட்கப்படாததைச் சொல்லவில்லை என்று பழிசுமத்தலாகாது என்றும் கூறியது. இளம் வயதில் கோஷமிட்டது போன்ற சிறு செய்திகளை மறைத்திருந்தாலும், அவற்றைப் பொருட்படுத்தாது விடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டென்றது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 2011இல், தில்லிக் காவல்துறை வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவரின் வழக்கில், இளமையின் தவறுகளுக்காக ஒருவரை வாழ்நாள் முழுதும் முத்திரை குத்தலாகாது என்று அந்நீதிமன்றம் கருதியது. ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் எனப்பட்ட விக்டர் ஹியூகோவின் ழான் வல்ழானை அத்தீர்ப்பு நினைவூட்டியது. கவியோகி சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பால் ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழர் அறிந்த கதை அது.

நம் கல்லூரிகள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். “நீ எப்போதேனும் ஏதேனும் அணியில் இருந்ததுண்டா?” என்று பொதுப்படக் கேட்பது வலைவீச்சு. உண்மை சொல்பவன் மாட்டுவான், பொய்யன் தப்புவான். “உன்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா? எதற்காக? அதன்பின் என்ன செய்தாய்?” என்று கேட்பது விசாரணை. மூன்றாவது கேள்வியைக் கேட்காத படிவம் மனிதனின் பாதியை மட்டுமே கேட்கிறது. விடையெழுத இரண்டு வரி இடம் விடாமல் ‘ஆம் / இல்லை’ என்ற இரு கட்டங்களை மட்டும் வைப்பது, உண்மையைக் கேட்டுவிட்டு அதன் வாயைப் பொத்துவதாகும். உண்மை சொன்னவன் ஒவ்வொருவனையும் தள்ளிவிடும் கல்லூரி, அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர்களுக்குப் பொய் சொல்லவே பாடம் நடத்துகிறது.

படிவத்துக்கு அப்பால்

இறுதியாக ஒன்று. விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

பாவமீட்சிக்கு உலமாக்கள் நிபந்தனைகள் கூறியுள்ளனர். செய்ததை விட்டொழித்தல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளல் ஆகிய மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ளவை. மற்றொரு மனிதனின் உரிமை அதில் கலந்திருந்தால் நான்காவது ஒன்றும் சேர்கிறது: அவனுக்குரியதை அவனிடம் திருப்பித் தருதல், அல்லது அவனிடம் மன்னிப்புப் பெறுதல். இந்த நான்காவதைச் செலுத்தும் கட்டம் எந்தப் பல்கலைக்கழகப் படிவத்திலும் இல்லை.

நாம் எண்ணிக்கொண்ட மாணவனிடமே திரும்புவோம். அவன் எவரையும் அடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் மூன்றாண்டுகள் அவன் எழுப்பிய கூச்சல் அடித்தவனுக்குத் துணிவு தந்ததா? பயந்து ஒதுங்கிய முதலாண்டுப் பிள்ளையை அவனும் சேர்ந்து சிரித்தானா? கத்தியைக் கண்டு விலகியவன், கண்டதை உரியவரிடம் சொன்னானா? இக்கேள்விகளுக்கு விண்ணப்பத்தாள் விடை கேட்காது. சேர்க்கைக் குழுவுக்கு இவற்றைக் கேட்கும் உரிமையும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் இவை அவனுக்குரிய கேள்விகள். அன்று பயந்து ஒதுங்கிய அந்தப் பிள்ளை இன்றும் அதே வண்டியில் வந்துகொண்டிருக்கலாம். அவனைத் தேடிச் சென்று, “தம்பி, அன்று நான் நடந்துகொண்டது தவறு, மனத்தில் வைத்துக்கொள்ளாதே” என்று சொல்வதற்குக் கட்டணமில்லை, கடைசித் தேதியுமில்லை.

ஆக, மாணவ நண்பர்களுக்குச் சொல்லத்தக்கது இவ்வளவே. கேட்டால் மெய் சொல்லுங்கள்; சிறிதென்று எண்ணி மறைக்காதீர்கள். கேளாதபோது தேவையின்றி உங்களை நீங்களே தெருவில் நிறுத்தாதீர்கள். ஆனால் உங்கள் மௌனம் எவரையும் ஏமாற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அணிக்குப் புதுப்பெயர் சூட்டிப் பெருமையாக்காதீர்கள். கல்லூரிப் பெரியோர்க்குச் சொல்லத்தக்கது: பையனின் வண்டியைக் கேட்காதீர்கள், அவன் கைகளைக் கேளுங்கள், கைகளைக் கேட்டபின், அவன் எந்தத் திசையில் திரும்பி நிற்கிறான் என்பதையும் பாருங்கள்.

சங்கத்தில் சேர்வதும் விலகுவதும் ஒரு நாளில் நடந்துவிடும். சொல்லை நம்பத்தக்கவன் என்னும் பெயரைச் சேர்ப்பதற்கோ வாழ்நாள் வேண்டும். அதை இழப்பதற்கு ஒரு கட்டத்தில் இடும் ஒரு குறி போதும்.